தீம் பார்க்கில் நின்ற ஆர்கேட் பெட்டியை வீட்டில் மீண்டும் ஓடவைப்பது எப்படி

மலேசியாவின் கெந்திங் மலை உள்ளரங்கு தீம் பார்க்கிலும், பிறகு 2003-இல் திறந்த பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரிலும் அப்பாவிடம் காசு வாங்கி டோக்கன் மாற்றிய பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளுக்காக அதே ஆர்கேட் பெட்டிகளை, காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு இயந்திரங்களைத் தேடுகிறார்கள். கடையை மூடிய யாரோ ஒருவரின் கிடங்கிலிருந்து ஒரு பெட்டி லோரி ஏறி, செந்தூல் வீட்டுக்கோ பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கோ வந்து சேர்கிறது. வந்ததும் பலர் பழைய டிவியில் இருப்பது போன்ற படக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு எல்சிடி மாட்டுகிறார்கள். விளையாட்டு பதிந்திருக்கும் மின்சுற்றுப் பலகையான பழைய போர்டை எடுத்துவிட்டு ஆயிரம் விளையாட்டு அடங்கிய மலிவு போர்டைச் செருகுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஜாய்ஸ்டிக் 'டிக்' என்று திரும்புவதும், படக்குழாயில் நிறங்கள் ததும்புவதும்தான் உங்கள் கைக்கும் கண்ணுக்கும் நினைவிருக்கும் விளையாட்டு. ஓடாத பெட்டியில் பெரும்பாலும் கெட்டிருப்பது மின்சப்ளை, துரு ஏறிய இணைப்பு, தேய்ந்த சுவிட்ச், காய்ந்த கெப்பாசிட்டர் ஆகியவைதான். மின்சாரம் நுழையும் இடத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாகச் சோதித்துப் போனால், மாற்ற வேண்டியது மிகக் குறைவாகவே இருக்கும்.

வாங்கும்போது

ஒரு டார்ச் விளக்கும் ஒரு மல்டிமீட்டரும் கொண்டு போங்கள். பெட்டியின் அடிப்பாகத்தை முதலில் பாருங்கள். பழைய பெட்டிகள் துகள் பலகையிலோ எம்டிஎஃப் பலகையிலோ செய்யப்பட்டவை. கிடங்கில் வெள்ளம் ஏறியிருந்தால் கீழ் ஓரம் ரொட்டி போல ஊதியிருக்கும். ஓரம் மட்டும் ஊதியிருந்தால் வெட்டி ஒட்டலாம். விரலால் அழுத்தினால் உதிர்கிறது, அல்லது உள்ளே மண் வரி போலக் கரையான் பாதை தெரிகிறது என்றால் வாங்காதீர்கள். அந்தப் பெட்டியோடு கரையானும் வீட்டுக்கு வரும்.

அடுத்து, பின்கதவைத் திறந்து மின்சப்ளைக்கு அருகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இது மிக முக்கியம். ஜப்பானிலிருந்து பழையதாக இறக்கிய பெட்டிகள், சேகா 1993-இல் வெளியிட்ட அஸ்ட்ரோ சிட்டி போன்றவை, 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டுச் சுவர் சாக்கெட்டில் வருவதோ 230 முதல் 240 வோல்ட். யாரோ மூன்று கால் பிளக்கை மாற்றி மாட்டியிருப்பதால் மட்டும் அது நம் மின்சாரத்துக்கு ஏற்றதாகிவிடாது. நேரே சொருகினால் ஒரு நொடியில் சப்ளையும் மானிட்டர் பலகையும் சேர்ந்து போய்விடும். 240-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். லேபிளில் உள்ள வாட் அளவுக்கு இரண்டு மடங்காவது தாங்கும்படி வாங்குங்கள். சாதாரணப் பெட்டிக்கு 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) போதும். படக்குழாயை எழுப்பும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரம் மிக அதிகம் என்பதால்தான் இந்தக் கூடுதல் இடம். பயணத்துக்கு விற்கும் சிறிய மின்னணு கன்வெர்ட்டர் இதற்கு ஆகாது. இரும்பு உள்ளகமும் செப்புச் சுருளும் கொண்ட கனமான டிரான்ஸ்ஃபார்மரே வேண்டும்.

29 அங்குல படக்குழாய் உள்ள பெட்டி 100 கிலோவை ஒட்டிக் கனக்கும். தூக்க நான்கு பேர் வேண்டும். லிஃப்ட் கதவின் அகலத்தையும் வீட்டு வாசலின் அகலத்தையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். லோரியில் நிமிர்த்தி வைத்து, வார் போட்டுக் கட்டுங்கள். படக்குழாயின் பின்கழுத்து மெல்லிய கண்ணாடி, படுக்கவைத்து ஒரு குழியில் இறங்கினால் முறிந்துவிடும். விளையாட்டு போர்டைக் கழற்றி, துணியில் அல்ல, நிலைமின் தடுப்புப் பையில் போட்டுக் காரில் கொண்டு வாருங்கள்.

சுவிட்ச் போடும் முன்

வீட்டுக்கு வந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு நாள் பொறுங்கள். பெட்டியைத் திறந்து, தூசியை மென்மையான பிரஷாலும் வாக்யூமாலும் எடுங்கள். நம் ஊர்ப் பெட்டிகளுக்குள் கரப்பான் எச்சம், எறும்புக் கூடு, பல்லி முட்டை எல்லாம் சாதாரணம். செத்த பல்லி ஒன்று மின்சப்ளையின் இரு முனைகளுக்கு நடுவே கிடந்தால் அது ஒன்றே ஷார்ட் ஆகப் போதும், ஆகவே சப்ளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா வேலையும் முடிந்த பின், காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய கம்பி வலை அடித்துவிடுங்கள். துளையை அடைத்துவிடாதீர்கள், உள்ளே வெப்பம் தேங்கும்.

பிறகு பிளக். உள்ளே பச்சை-மஞ்சள் வயர் எர்த் முனையில் உள்ளதா, அது பெட்டியின் உலோகச் சட்டத்தோடும் நாணயக் கதவோடும் இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்; பிளக்கின் எர்த் காலுக்கும் கதவுக்கும் இடையே 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். பல பெட்டிகளில் எர்த் வயரை யாரோ எப்போதோ வெட்டி விட்டிருப்பார்கள். பிள்ளைகள் ஈரக் கையோடு தொடும் உலோகக் கதவு அது. பிளக்கினுள் 13 ஆம்ப் ஃபியூஸுக்குப் பதில் 3 அல்லது 5 ஆம்ப் போடுங்கள்.

சுவிட்ச் போட்டதும் மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் வீட்டு ஆர்சிசிபி விழுந்தால், எங்கோ மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. வழக்கமான குற்றவாளிகள்: ஈரம் உறிஞ்சிய லைன் ஃபில்டர், உலோக ஓரத்தில் உரசித் தோல் உரிந்த வயர், மேலே பெயர்ப்பலகைக்குப் பின்னுள்ள குழல் விளக்கின் பழைய சோக். ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்படும். எர்த்தைக் கழற்றிவிட்டால் விழாது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்போது கசியும் மின்சாரம் தொடுபவர் உடல் வழியாகப் போகும். பெயர்ப்பலகை விளக்கை எல்இடி குழலாக மாற்றிவிடலாம். பழையதை அப்படியே வைக்க வேண்டும் என்று நாம் அடம்பிடிக்க வேண்டாத சில இடங்களில் இதுவும் ஒன்று. வெப்பம் குறையும், வண்ணத் தாளும் வெளிறாது.

5 வோல்ட்

திரை வெறுமையாக நிற்பது, விளையாட்டு பாதியில் தானே மறுபடி தொடங்குவது, எழுத்துகள் குப்பையாகத் தெரிவது எல்லாவற்றுக்கும் முதல் சந்தேகம் மின்சப்ளை போர்டுக்குத் தரும் 5 வோல்ட் மீதே விழ வேண்டும். போர்டு கெட்டுவிட்டது என்று மூலையில் போடப்பட்ட எத்தனையோ போர்டுகள் 4.6 வோல்ட்டில் பட்டினி கிடந்தவை.

அளக்கும் இடம் முக்கியம். சப்ளையின் முனையில் அளந்தால் 5.00 காட்டும், வயரிலும் துரு ஏறிய இணைப்பிலும் இழந்து போர்டுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே போர்டு இணைந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, போர்டில் உள்ள ஏதாவது ஒரு சிப்பின் மின்சாரக் கால்களில் அளந்து பாருங்கள். சாதாரண 14 கால் 74 வரிசை சிப்பில் 14-ஆம் கால் 5 வோல்ட், 7-ஆம் கால் கிரவுண்ட். மீட்டரின் முள் நழுவி இரண்டு கால்களைத் தொடாதபடி பொறுமையாக வையுங்கள். 4.95-க்கும் 5.10-க்கும் நடுவே இருந்தால் நல்லது. குறைந்தால் சப்ளையில் உள்ள சிறு திருகியை மெல்லத் திருப்புங்கள். 5.25-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் சிப்புகள் தாங்காது.

சப்ளைக்கும் போர்டுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருகியைத் தொடாதீர்கள். அங்கே குறை இணைப்பில் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் சப்ளையை ஏற்றிவிட்டு, பின்னொரு நாள் இணைப்பைச் சுத்தம் செய்தால், அன்றைக்கு ஏற்றிய முழு அளவும் நேரே போர்டில் இறங்கும்.

மல்டிமீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சப்ளைக்குள் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. இந்த சப்ளையைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவதே புத்திசாலித்தனம். 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் மூன்றும் தரும் ஆர்கேட் சப்ளை கேட்டு வாங்குங்கள். மைனஸ் 5 எல்லாப் போர்டுக்கும் தேவைப்படாது. தேவைப்படும் பழைய போர்டில் அது இல்லாவிட்டால் ஒலி வராது. கணினி சப்ளையைப் போட்டு ஒப்பேற்றுகிறவர்கள் ஒலி இல்லை என்று தவிப்பது பெரும்பாலும் இதனால்தான். புடுவில் ஜாலான் பசார் கடைவரிசையில் இப்படிப்பட்ட உதிரிகள், கெப்பாசிட்டர், கனெக்டர், வயர் எல்லாவற்றையும் நேரில் பார்த்து வாங்கலாம். பழைய பொருளைக் கையோடு கொண்டு போய்க் காட்டுவதே அங்கே சரியான பேச்சு.

ஜாமா இணைப்பு

1985-இல் ஜப்பானியக் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. அதுதான் ஜாமா. ஒரு பக்கம் 28, மறுபக்கம் 28, மொத்தம் 56 முனைகள். ஒரு முனைக்கும் அடுத்ததற்கும் 3.96 மி.மீ. இடைவெளி. இதனால்தான் ஒரே பெட்டியில் போர்டை மட்டும் மாற்றி வேறு விளையாட்டை ஓடவைக்க முடிகிறது. இதற்கு முந்தைய போர்டுகளுக்கு, 1980-இன் பேக்மேன் உட்பட, தனி அடாப்டர் வேண்டும்.

பாகங்கள் இருக்கும் பக்கத்தில் எண்ணினால் 1, 2 கிரவுண்ட். 3, 4 ஐந்து வோல்ட். 5 மைனஸ் ஐந்து. 6 பன்னிரண்டு வோல்ட். 7-ஆம் இடத்தில் முனை இருக்காது, சாவித் துண்டு இருக்கும். 10 ஸ்பீக்கர். 12 சிவப்பு, 13 நீலம், 14 படக் கிரவுண்ட். பச்சையும், படத்தை உருளாமல் நிறுத்தும் சிங்க் (sync) குறியும் 12, 13-க்கு நேர் பின்பக்கம். 15 டெஸ்ட் சுவிட்ச், 16 நாணயம், 17 தொடக்க பொத்தான், 18 முதல் 21 வரை மேல், கீழ், இடம், வலம். 22 முதல் 24 வரை மூன்று பொத்தான்கள். பின்பக்கம் அதே வரிசையில் இரண்டாம் ஆட்டக்காரருக்கு. 27, 28 மீண்டும் கிரவுண்ட்.

அந்த 7-ஆம் இடத்துச் சாவித் துண்டு பல பெட்டிகளில் காணாமல் போயிருக்கும். அது இல்லாவிட்டால் இணைப்பைத் தலைகீழாகவும் செருகலாம். செருகினால் போர்டு செத்துவிடும். ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை வெட்டி அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். வேறு எதையும் செய்யும் முன் இதைச் செய்யுங்கள்.

போர்டின் விளிம்பு முனைகளை வெள்ளை ரப்பரால் துடைத்து, பிறகு 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை தேய்த்தால் போதும். மணல்தாள் போடாதீர்கள், மேலுள்ள தங்கப்பூச்சு மிக மெல்லியது, அது போய்விட்டால் ஒவ்வொரு மழைக்காலமும் துரு வரும். பினாங்கில் கடலோரம் இருப்பவர்கள் இதை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டியிருக்கும். உப்புக் காற்று இணைப்புகளை விடாது.

1991-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆளுக்கு ஆறு பொத்தான்கள். ஜாமா தருவதோ மூன்று. உதைகளுக்கான மீதி மூன்றும் போர்டின் வேறொரு கனெக்டரிலிருந்து தனி வயர்க்கட்டாக வரும். குத்து வேலை செய்கிறது, உதை ஒன்றுமே வேலை செய்யவில்லை என்றால் அந்த வயர்க்கட்டு இல்லை, அல்லது கழன்றிருக்கிறது.

மலிவான பல்விளையாட்டு போர்டுக்கு ஓர் உண்மையான பயன் உண்டு: சோதனைக்கு. அதைச் செருகிப் படமும் பொத்தானும் சரியாக வந்தால் பெட்டி நலம், குறை உங்கள் பழைய போர்டில் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

படக்குழாய்

இந்தப் பகுதியில் தைரியம் காட்ட வேண்டாம். நிறப் படக்குழாயின் மேல் ரப்பர் மூடிக்குக் கீழே 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். அந்த மின்னைக் கழிப்பதையும் மானிட்டர் பலகையில் சோல்டர் போடுவதையும் கட்டுரை படித்துக் கற்காதீர்கள். பழைய டிவி பழுதுபார்த்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். தாமான் கடைகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆர்கேட் மானிட்டர் அவர்கள் கைபழகிய டிவியின் நெருங்கிய உறவுதான். உங்கள் வேலை, அறிகுறியைச் சரியாகச் சொல்வது.

படம் ஓரங்களில் சுருங்கி வளைகிறது, அலைகிறது, மேல்பகுதி மடிந்து தெரிகிறது: எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன. மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. 85 டிகிரி வகை மலிவு, ஆனால் மூடிய பெட்டிக்குள் நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் போய்விடும்.

திரையின் நடுவே ஒரே ஒரு பிரகாசமான கிடைக்கோடு: படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் செங்குத்து விலக்கப் பகுதி போய்விட்டது. உடனே அணையுங்கள், விட்டால் அந்தக் கோடு திரையில் நிரந்தரமாக எரிந்துவிடும்.

ஒரு நிறம் மட்டும் இல்லை: மானிட்டரைக் குறை சொல்லும் முன் ஜாமாவில் அந்த நிறத்தின் வயரை அசைத்துப் பாருங்கள். படம் உருண்டுகொண்டே இருக்கிறது: சிங்க் வயர் விட்டிருக்கிறது, அல்லது பின்னே உள்ள ஹோல்ட் திருகியைச் சற்றுத் திருப்ப வேண்டும். மூலையில் ஊதா, பச்சைத் திட்டுகள்: பெட்டியை நகர்த்தியதால் ஏறிய காந்தம். அதை நீக்கும் டிகாஸ் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் டிவிக்காரரிடம் டிகாஸ் வளையம் இருக்கும். காந்தக் கவசம் இல்லாத ஸ்பீக்கரைத் திரைக்கு அருகே வைத்தாலும் இதே திட்டு வரும்.

படக்குழாய் உண்மையிலேயே முடிந்துவிட்டது என்றால் மட்டும் எல்சிடி. அப்போதும் நேரே சொருக முடியாது. இந்தப் போர்டுகள் தரும் படம் 15 கிலோஹெர்ட்ஸ். கணினித் திரைகள் கேட்பது 31-க்கு மேல். ஜிபிஎஸ் (GBS) 8200 போன்ற மாற்றுப் பலகை ஒன்று இடையே வேண்டும். ஆர்கேட் போர்டின் பட மின்னழுத்தம் வழக்கமான 0.7 வோல்ட்டைவிட அதிகம் என்பதால், அந்தப் பலகையில் உள்ள மூன்று சிறு திருகிகளைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை எல்லாம் வெளிறிப் பூக்கும். கதிர்க்கற்றை திரையைக் கடக்கும் கணத்தைப் பார்த்துக் குறி கண்டுபிடிக்கும் துப்பாக்கி விளையாட்டுகள் எல்சிடியில் ஓடவே ஓடாது. அப்படிப்பட்ட பெட்டி வைத்திருப்பவர் இன்னொரு படக்குழாயைத் தேடுவதே வழி. தெருவோரம் வீசப்படும் பழைய டிவிகளின் குழாய் சில சமயம் பொருந்தும், கழுத்தின் கனெக்டரும் சுருள் தடையும் ஒத்துப்போகிறதா என்று டிவிக்காரர் பார்த்துச் சொல்வார்.

கையில் தெரியும் பாகங்கள்

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இது. பணமும் இங்கேதான் குறைவாகச் செலவாகும்.

கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தால் ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒரு மைக்ரோசுவிட்ச் இருக்கும். அதற்கு மூன்று கால்கள்: கோம் (பொதுக் கால்), என்ஓ (அழுத்தினால் இணைவது), என்சி (அழுத்தினால் பிரிவது). கிரவுண்ட் வயர் கோமிலும், போர்டுக்குப் போகும் வயர் என்ஓவிலும் இருக்க வேண்டும். என்சியில் மாட்டிவிட்டால் கை வைக்காமலேயே அந்தப் பொத்தான் அழுந்தியிருப்பதாகப் போர்டு நினைக்கும். ஆள் தானாகக் குத்திக்கொண்டே இருப்பார். ஜப்பானிய சன்வா பொத்தானில் இரண்டே கால்கள், எதில் எதை மாட்டினாலும் சரி. வயர் முனை வாங்கும்போது அளவு பாருங்கள்: சன்வா பொத்தானுக்கு 2.8 மி.மீ., தனி மைக்ரோசுவிட்ச் வைத்த அமெரிக்க வகைக்கு 4.8 மி.மீ. தொடக்க பொத்தானின் துளை பெரும்பாலும் 24 மி.மீ., மற்றவை 30.

கிரவுண்ட் வயர் ஒரு சுவிட்சிலிருந்து அடுத்ததற்கு மாலை போலத் தாவிப் போகும். ஜாய்ஸ்டிக் வேலை செய்கிறது, முதல் பொத்தானும் செய்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்றால் முதல் பொத்தானுக்கும் இரண்டாவதற்கும் நடுவே மாலை அறுந்திருக்கிறது. சுவிட்சுகளை எல்லாம் மாற்றிப் பணத்தை வீணாக்கும் முன் இதைப் பாருங்கள்.

சில சமயம் அழுத்தினால் வேலை செய்யும், சில சமயம் செய்யாது என்றால் சுவிட்சின் உள் முனை கருகிவிட்டது. மல்டிமீட்டரில் அழுத்தியபடி அளந்தால் 1 ஓமுக்குள் நிலையாக நிற்க வேண்டும். 20, 50 என்று தாவினால் மாற்றுங்கள். ஸ்பிரே அடித்துத் தேற்றுவது சில வாரத்துக்குத்தான். சர்க்கரைத் தண்ணீர் கொட்டி ஒட்டிப்போன பொத்தானைக் கழற்றி, சுவிட்சை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கை வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுக் கழுவி, முழுக்க உலர்த்தி மாட்டினால் புதிது போல இறங்கி ஏறும். தீம் பார்க்கில் நின்ற பெட்டியில் இது கட்டாயம் இருக்கும்; ஐஸ் பாக்கெட்டோடு வந்த எத்தனையோ பிள்ளைகளின் கை பட்ட பலகை.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் ஒரு தடுப்புத் தட்டு உண்டு. அதைத் திருப்பினால் நான்கு திசை, எட்டுத் திசை என்று மாறும். பேக்மேன் நான்கு திசைக்காகச் செய்தது. எட்டுத் திசைத் தட்டோடு விளையாடினால் திருப்பத்தில் ஜாய்ஸ்டிக் சற்றுச் சாய்ந்து இரண்டு சுவிட்சும் ஒன்றாக அழுந்தும். பேக்மேன் திரும்பாமல் நேரே போய்ப் பேயிடம் மாட்டும். சிறுவயதில் நன்றாக ஆடினோமே, இப்போது கை போய்விட்டதா என்று பலர் மனம் தளர்வது இந்தத் தட்டால்தான். சண்டை விளையாட்டுக்கோ எட்டுத் திசை வேண்டும், இல்லாவிட்டால் மூலைவிட்ட அசைவு கிடைக்காது. தண்டு நடுவுக்குத் திரும்பாமல் தொங்கினால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். தண்டு சுழலும் இடத்தில் ஒரு கடுகளவு வெள்ளை கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விட்டால் பிசினாகிவிடும், எறும்பும் வரும்.

கார் ஓட்டும் பெட்டிகளில் ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும் சுவிட்சுக்குப் பதில், சுழற்றச் சுழற்ற மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும், பெரும்பாலும் 5 கிலோ ஓம். கார் தானாக ஒரு பக்கம் இழுத்தால் நடு முனையிலும் ஓர முனையிலும் மீட்டர் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். எண் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் மாற்றுங்கள். மாற்றிய பின் டெஸ்ட் பட்டியலுக்குப் போய் அளவைத் திரும்பப் பதிய வைக்காவிட்டால் புதியதும் பழையது போலவே இழுக்கும்.

நாணயம்

இலவச ஆட்டம் என்று மாற்றிவிட ஆசை வரும். மாற்றாதீர்கள். காசு உருண்டு விழும் சத்தமும், கையில் இருக்கும் கடைசி டோக்கனை எதில் போடுவது என்ற யோசனையும் இல்லாவிட்டால், பிள்ளைகள் தோற்ற கணமே பொத்தானைத் தட்டித் தட்டி முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2012 சனவரியில் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயங்கள் அளவில் சிறியவை. பழைய 20 காசின் விட்டம் 23.59 மி.மீ., புதியது 20.60. பழைய 50 காசு 27.75, புதியது 22.65. பழைய பெட்டியின் இயந்திர நாணயப் பொறி விட்டத்தையும் எடையையும் பார்த்து ஏற்பது. புதிய காசைப் போட்டால் அது நேரே திருப்பித் தரும் வாய்க்கு விழும். பொறி கெட்டுவிட்டதாக எண்ணிப் பிரிக்க வேண்டாம். டோக்கனுக்கு அமைத்த பொறி என்றால் அதே அளவு டோக்கன் வாங்குவது எளிது. புதிய காசே வேண்டும் என்றால், மாதிரி நாணயத்தோடு ஒப்பிடும் 12 வோல்ட் மின்னணுப் பொறியை மாட்டுங்கள்: உள்ளே உள்ள பிடியில் ஒரு 20 காசை வைத்துவிட்டால் அதைப் போன்றதை மட்டும் ஏற்கும். அதில் இரண்டு சிறு சுவிட்சுகள் இருக்கும். ஒன்றை என்ஓவில் வையுங்கள். மற்றது துடிப்பின் வேகம். காசு விழுந்தும் எண்ணிக்கை ஏறாவிட்டால் நடுத்தரத்துக்கோ மெதுவுக்கோ மாற்றுங்கள். ஒரு காசுக்கு இரண்டாக ஏறினால் வேகத்துக்கு.

வீட்டில் எப்படியும் விளையாடலாம். கடையில் வைத்துப் பொதுமக்களிடம் காசு வாங்குவதாக இருந்தால், கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தின் கேளிக்கை உரிமம் பெற வேண்டும்.

விளையாட்டின் அமைப்பை மாற்றும், போர்டில் உள்ள சிறு டிப் சுவிட்சுகளையும் ஒருமுறை பாருங்கள். தீம் பார்க்கில் நின்ற பெட்டி, காசு சீக்கிரம் விழ வேண்டும் என்று கடினமாக அமைக்கப்பட்டிருக்கும். கடினத்தை ஒரு படி இறக்கி, உயிர்களை ஒன்று கூட்டினால் எட்டு வயதுப் பிள்ளை அழாமல் ஆடும். சுவிட்ச் வரிசையை மாற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு மாற்றுங்கள், பல போர்டுகள் தொடங்கும்போது மட்டுமே அதைப் படிக்கும்.

வைத்திருக்கும் விதம்

சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வையுங்கள், கால்களில் ஏற்றித் தரையிலிருந்து உயர்த்துங்கள். மாப் போடும் தண்ணீர் அடிப்பலகைக்குப் போகக் கூடாது. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால், உள்ளே வியர்த்த ஈரம் காய ஓரிரு மணி நேரம் விடுங்கள். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிட்டால் உள்வெப்பமே ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் இவற்றைக் கொல்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஆகவே விளையாடி முடிந்ததும் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையே பிடுங்குங்கள்.

கடைசியாக, போர்டின் பேட்டரி. பழைய போர்டுகளில் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால் அது கசிந்து செப்புக் கோடுகளைத் தின்னும். பச்சை பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்து, வெள்ளை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, சுத்தத் தண்ணீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவி உலர்த்துங்கள்.

கேப்காம் 1993-இல் கொண்டுவந்த சிபிஎஸ் 2 போர்டுகள் தனிக் கதை. அவற்றின் விளையாட்டுத் தரவு பூட்டப்பட்டது. பூட்டின் சாவி 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். அதன் பிறகு திரையில் ஒரே நிறம்தான். இப்படி இறந்த போர்டுக்குச் சாவியை மீண்டும் எழுதும் வழி இன்று இருக்கிறது, ஆனால் அதற்குத் தெரிந்தவர் கை வேண்டும். இறக்கும் முன் மாற்றுவது எளிது. பேட்டரியின் இரு முனைகளில் அளந்து 3.4-க்குக் கீழே போயிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பழையதைக் கழற்றும் முன், அதே மின்னழுத்தமுள்ள இன்னொரு பேட்டரியை, பாசிட்டிவை பாசிட்டிவோடும் நெகட்டிவை நெகட்டிவோடும், இணையாக வயரில் தொடுத்து வையுங்கள். புதியதைச் சோல்டர் செய்த பிறகே அதை எடுங்கள். எர்த் உள்ள சோல்டர் அயர்ன் வேண்டும், நுனியை ஓரிரு நொடிக்கு மேல் வைக்க வேண்டாம். முடிந்ததும் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் போர்டின் உறையிலேயே ஒட்டுங்கள். அந்தப் போர்டு ஒருநாள் வேறொருவர் கைக்குப் போகும்போது அவர் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.